பெயின்ட் அடிக்க முன் வயரைப் பாருங்கள்

நம்மூரில் பழைய வீடு வாங்கினால் உறுதியை சட்டத்தரணியிடம் காட்டுகிறோம், எல்லையை அளக்கிறோம். பிறகு நேரே டைல்ஸும் பெயின்டும்தான். சுவருக்குள் ஓடும் வயரை யாரும் பார்ப்பதில்லை.

நாலு பல்புக்கும் இரண்டு ஃபேனுக்கும் இழுத்த வயர் அது. இன்று அதிலேயே ஏசி, அயன், மோட்டர் எல்லாம்.

"ட்ரிப் சுவிட்ச் இருக்குதானே" என்பார்கள். 30 மில்லிஅம்பியர் கசிந்தால் விழ வேண்டியது அது. லோட் கூடி வயர் சூடாவதை அது பிடிக்காது. டெஸ்ட் பட்டனுக்கு விழுந்தாலும் எர்த் சரி என்று அர்த்தமில்லை. எர்த்தை மீட்டர் வைத்தே பார்க்க வேண்டும்.

ஆகவே பெயின்ட் அடிக்க முன், தகுதியான எலக்ட்ரீசியன் ஒருவரைக் கூப்பிட்டு முழு வயரிங்கையும் சோதியுங்கள். பிறகு சுவரை உடைத்தால் இரண்டு செலவு. ஈரக்கையோடு ஃப்ரிட்ஜைத் தொடும் பிள்ளையை டைல்ஸ் காப்பாற்றாது.