ஓசித் திண்ணையா, வாடகை வீடா?

பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் காட்டிய பொறுமையில் பாதியைக் காட்டினாலும் போதும், படித்து முடித்துவிடலாம்.

நம் பள்ளியின் நூற்றாண்டை ஒட்டி ஓர் இணையதளம் தொடங்க வேண்டும் என்று முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாகப் பேச்சு நடக்கிறது. பழைய குரூப் போட்டோக்கள், ஆண்டு மலர்கள், பணியாற்றிய ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியல் எல்லாவற்றையும் அதில் ஏற்றப் போகிறோம். நல்ல காரியம். "ஓசியில் இடம் கொடுக்க எத்தனையோ கம்பெனி இருக்கும்போது எதுக்கு டீச்சர் காசு?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். காசு கொடுத்தே இடம் எடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பாடம். இணையதளத்துக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று டொமைன், அதாவது முகவரி. இன்னொன்று ஹோஸ்டிங், அதாவது நம் படங்களும் எழுத்தும் இருக்கும் இடம். அந்த இடம் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர். அதற்குக் கரண்ட் வேண்டும், இணைப்பு வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இதற்கெல்லாம் யாரோ பணம் கட்டுகிறார்கள். அந்த யாரோ நாம் இல்லை என்றால், அங்கே நம் பேச்சும் எடுபடாது. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பவர், வீட்டுக்காரர் எழுப்பினால் எழுந்துதான் போக வேண்டும். வாடகை கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமையாவது உண்டு.

இது கற்பனைப் பயம் இல்லை. ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்தது. 1994இல் அமெரிக்காவில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். ஊர் போலப் பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தார்கள். சினிமாவுக்கு 'ஹாலிவுட்', கல்விக்கும் இலக்கியத்துக்கும் 'ஏதென்ஸ்'. 1999இல் யாகூ அதைப் பல நூறு கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. பத்தே ஆண்டில், 2009 அக்டோபரில், மூடிவிட்டது. குடும்ப வரலாறு, செத்துப்போன பிள்ளையின் நினைவுப் பக்கம், சின்ன ஊர்களின் கதை என்று லட்சக்கணக்கான பக்கங்கள் அங்கே இருந்தன. ஆர்வலர்கள் சிலர் ஓடி ஓடிப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது. மற்றது போனது போனதுதான். ஜப்பானில் ஓடிக்கொண்டிருந்த கிளையும் 2019 மார்ச்சோடு முடிந்தது.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆர்க்குட் என்ன ஆயிற்று? 2014 செப்டம்பரில் மூடினார்கள். கூகுள் பிளஸ் 2019இல், யாகூ குழுமங்கள் 2020இல். இவையெல்லாம் நொடித்துப்போன கம்பெனிகள் நடத்தியவை அல்ல, உலகப் பெரும் கம்பெனிகள் நடத்தியவை. அவர்களுக்கு லாபமில்லை, நிறுத்தினார்கள். காசு கட்டாத நாம் எந்த ரசீதைக் காட்டிச் சண்டை போட முடியும்?

"அது பழைய கதை டீச்சர்" என்பீர்கள். இன்றைய இலவச ஹோஸ்டிங்கின் நிபந்தனைகளை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலேகூட நிறுத்துவோம் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். சில இடங்களில், கொஞ்ச நாள் யாரும் உள்ளே வராவிட்டால் கணக்கையே தூக்கிவிடுவார்கள். நூற்றாண்டு விழா முடிந்த மறுமாதம் நம் தளத்துக்கு யார் தினமும் வரப் போகிறார்கள்? நம்முடையது பத்து வருடம் கழித்து ஒரு பேரன் வந்து, "தாத்தா படம் இருக்கா?" என்று தேடும் தளம். அந்தப் பத்து வருடம் அது உயிரோடு இருக்க வேண்டும்.

அடுத்தது விளம்பரம். என் அக்கா மகள் இட்லிப் பொடி, பருப்புப் பொடி விற்கிறாள். இலவசமாகக் கிடைத்தது என்று ஒரு பக்கம் வைத்திருந்தாள். அவள் பொடிக்கு மேலே ஆன்லைன் ரம்மி விளம்பரம் ஓடியது. எடுக்கச் சொல்லிக் கேட்க ஒரு போன் நம்பர்கூட இல்லை. நம் தலைமையாசிரியர் படத்துக்குப் பக்கத்தில் ரம்மி விளம்பரம் வந்தால் உங்களில் யார் பொறுப்பு?

மூன்றாவது, பாதுகாப்பு. முன்னாள் மாணவர்களின் போன் நம்பர், முகவரி எல்லாம் தளத்தில் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. 2015இல் 000வெப்ஹோஸ்ட் என்ற இலவச ஹோஸ்டிங் சேவையிலிருந்து 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரம் வெளியே போனது. பாஸ்வேர்டுகளைக்கூட மறைக்காமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்களாம். காசு வாங்கும் கம்பெனியிலும் திருட்டு நடக்கும், மறுக்கவில்லை. ஆகவே எங்கே வைத்தாலும் போன் நம்பர் வேண்டாம், குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் நம்பர் வேண்டவே வேண்டாம்.

சரி, செலவு எவ்வளவு? நான் விசாரித்தவரை டொமைனுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,000 ரூபாய், சாதாரண ஹோஸ்டிங்குக்கு 5,000 ரூபாய்க்குள். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 7,080 ரூபாய். நம் குழுவில் 240 பேர் இருக்கிறோம். தலைக்கு 30 ரூபாய் வருகிறது. ஒரு டீ, ஒரு வடை. விழாவுக்குப் பந்தலும் ஃபிளெக்ஸும் போட இதைப் போலப் பல மடங்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். பந்தலை மறுநாள் பிரித்துவிடுவார்கள்.

இலவசம் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. கல்லூரி படிக்கும் பிள்ளைகள் பழகிப் பார்க்க கிட்ஹப் பேஜஸ் அருமையான இடம். கவிதை எழுதிப் பார்க்க பிளாகர் போதும். எழுதிப் பழக சிலேட்டு நல்லது. ஆனால் அட்மிஷன் ரிஜிஸ்டரை யாரும் சிலேட்டில் எழுத மாட்டார்கள்.

காசு கட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். நான்கு காரியம் செய்ய வேண்டும்:

1. டொமைனைத் தனி ஒருவர் பெயரில் வாங்காமல் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில் வாங்குங்கள். பாஸ்வேர்டு மூன்று பேரிடம் இருக்கட்டும். ஒருவர் வெளிநாடு போனாலும், ஏன், காலமானாலும் தளம் நிற்கக் கூடாது.

2. டொமைனை ஒரே தடவையில் 10 ஆண்டு வரைகூடப் பதிவு செய்யலாம். 5 ஆண்டாவது கட்டிவிடுங்கள். தவணை தவறி அவகாசமும் கடந்தால், யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளலாம்.

3. முதல் வருடம் மலிவு விலை காட்டுவார்கள். இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

4. மாதம் ஒரு முறை முழுத் தளத்தையும் பிரதி எடுத்து இரண்டு பேர் வீட்டில் ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். முகவரி நம்முடையது, பிரதி நம் கையில் என்றால், ஒரு கம்பெனி பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போய்விடலாம். பார்ப்பவர்களுக்கு வீடு மாறியதே தெரியாது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மாடு நம் கொட்டிலுக்கு வந்துவிட்டால் அது சரி. இங்கே மாடும் அவர்களுடையது, கயிறும் அவர்கள் கையில். பால் மட்டும் கொஞ்ச நாளைக்கு நமக்கு. அப்படிப்பட்ட மாட்டைப் பல்லைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

அந்தக் குரூப் போட்டோக்களில் இருப்பவர்கள் பலர் இன்று இல்லை. சில வகுப்புகளுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு படம்தான். அதை நம்பி நம்மிடம் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் ஆண்டுச் செலவில் 1,000 ரூபாய் என் பென்ஷனிலிருந்து. மீதியை 30, 30ஆகப் போடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்துவிடலாம். மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். இப்போதெல்லாம் டீச்சர் கையில் பிரம்பு கிடையாது.