லாக் போதாது, அந்த ஸ்கிரிப்ட்டும் போதாது

சொந்தப் புரோட்டோகாலின் பைட்களைப் பிரித்துக் காட்ட வயர்ஷார்க் டிசெக்டர் எழுதுவது வெட்டி வேலை என்று வாதிடும் கட்டுரை ஒன்று எங்கள் துறையில் கைமாறிக்கொண்டிருக்கிறது. எழுதியவர் அனுபவசாலி என்பதால் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அவர் சொல்வது இதுதான்: இரண்டு முனையிலும் ஓடுவது நம்முடைய நிரல், லாக் பார்த்தால் போதும். அதையும் மீறித் தேவைப்பட்டால் இருபது வரி பைத்தான் ஸ்கிரிப்ட் போதும். டிசெக்டர் எழுத சி மொழியும் வயர்ஷார்க்கின் மொத்த மூலநிரலும் வேண்டும். போதாக்குறைக்கு இன்று எல்லாமே டிஎல்எஸ்ஸுக்குள் ஒளிந்திருக்கிறது. இந்த வாதங்களில் ஒன்றுகூட நிற்காது.

முதலில் ஸ்கிரிப்ட். அதிகக் கெடுதல் செய்யப்போவது அதுதான்.

அவர் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது மோட்பஸ் டிசிபி. மோட்பஸ் 1979இல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்தது. ஆலைகளில் இன்றும் புழங்குகிறது. வயர்ஷார்க்குக்கு அது ஏற்கெனவே தெரியும். ஆனால் 65 முதல் 72 வரையும், 100 முதல் 110 வரையும் உள்ள ஃபங்ஷன் கோடுகளைப் பயன்படுத்துவோர் விருப்பத்துக்கே விட்டிருக்கிறார்கள். கருவி செய்பவர்கள் தங்கள் சொந்தச் சரக்கை அங்கேதான் வைக்கிறார்கள். அந்தப் பகுதி வயர்ஷார்க்கில் வெறும் பைட் குவியலாகத் தெரியும். டிசெக்டர் வேண்டியிருப்பது அதைப் பிரித்துக் காட்டத்தான்.

அவருடைய ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிசிபி ஹெடர் முடிகிற இடத்திலிருந்து பைட்களை எடுக்கிறது. முதல் ஏழை மோட்பஸ் ஹெடர் என்று கொள்கிறது. மிச்சம் முழுவதையும் தரவு என்று அச்சிடுகிறது. மோட்பஸ் டிசிபி செய்தி அதிகபட்சம் 260 பைட், ஈத்தர்நெட்டில் ஒரு டிசிபி துண்டு 1460 பைட் வரை கொள்ளும், ஆகவே செய்தி உடைய வழியே இல்லை என்கிறார். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் அடிப்படையே தவறு. டிசிபி செய்திகளைச் சுமப்பதில்லை, பைட்களின் ஓட்டத்தைச் சுமக்கிறது. அதை எங்கே வெட்டுவது என்று தீர்மானிப்பது அனுப்பும் கணினியின் கெர்னல். நம் செய்தி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

மோட்பஸ் டிசிபியில் பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்துக் கேட்கலாம். எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று சொல்லத்தான் ஹெடரில் டிரான்சாக்‌ஷன் எண் இருக்கிறது. கருவி 260 பைட் பதில்கள் ஆறை ஒரே மூச்சில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாக்கெட்டில் ஐந்து முழுச் செய்திகள் ஏறும், அது 1300 பைட். மீதி 160 பைட் இடத்தில் ஆறாவதின் முன்பகுதி ஏறிக்கொள்ளும், கடைசி 100 பைட் அடுத்த பாக்கெட்டில் வரும். ஸ்கிரிப்ட் முதல் செய்தியின் ஹெடரை மட்டும் படித்துவிட்டு, இரண்டாவதிலிருந்து ஐந்தாவது வரை எல்லாவற்றையும் முதல் செய்தியின் தரவு என்று கொட்டும். அடுத்த பாக்கெட்டில் ஆறாவது செய்தியின் நடுவயிற்றை ஹெடர் என்று எடுத்துக்கொள்ளும்; ஏதோ ஒரு சென்சாரின் அளவு டிரான்சாக்‌ஷன் எண்ணாக அச்சாகும். பாக்கெட் தொலைந்து மறுபடி அனுப்பப்பட்டால் அதே செய்தி இரண்டு தடவை கணக்கில் ஏறக்கூடும். எந்த இடத்திலும் எச்சரிக்கை வராது. கருவி தப்பாகப் பேசுகிறது என்று அதைச் செய்த நிறுவனத்துக்குக் கடிதம் போகும்.

டிசெக்டரில் இந்தச் சிக்கலைத் தீர்க்க வயர்ஷார்க்கிலேயே ஒரு ஃபங்ஷன் தயாராக இருக்கிறது. நீளம் தெரிய எத்தனை பைட் வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டும். மோட்பஸ் டிசிபிக்கு ஆறு. அந்த ஆறிலிருந்து செய்தியின் முழு நீளத்தைக் கணக்கிட்டுத் தர வேண்டும். ஐந்தாவது, ஆறாவது பைட்களில் உள்ள எண்ணோடு ஆறைக் கூட்டினால் கிடைத்துவிடும். உடைந்ததை ஒட்டுவதும் ஒட்டியதைப் பிரிப்பதும் பிறகு வயர்ஷார்க்கின் பாடு. தெரிந்த கோடுகளைப் பழைய மோட்பஸ் டிசெக்டரிடமே ஒப்படைத்துவிட்டு, நமக்கே உரியதை மட்டும் நாம் பிரிக்கலாம். இவ்வளவும் அவர் பெருமைப்படும் இருபது வரியைவிட அதிகம் நீளாது.

சி மொழி வேண்டும் என்று ஒரு பத்தியில் எழுதிய இவரே, இன்னொரு பத்தியில் லுவா மொழியில் எழுதிப் பார்த்தேன், அதே பாக்கெட்டை மறுபடி கிளிக் செய்தால் டிசெக்டர் எண்ணிக் காட்டும் எண் மாறுகிறது, நம்பத்தக்கதல்ல என்கிறார். லுவாவில் முடியும் என்று தெரிந்துகொண்டே வாசகரிடம் சி மொழியைக் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறார். லுவா கோப்பைப் பிளகின் ஃபோல்டரில் போட்டு, வயர்ஷார்க்குக்குள்ளேயே மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்; எதையும் கம்பைல் செய்ய வேண்டாம். சி பிளகினை வயர்ஷார்க்கின் ஒவ்வொரு புதிய வரிசைக்கும் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும் என்பதும், ஜிபி கணக்கில் கேப்சர் இருந்தால் லுவா மெதுவாகும் என்பதும் உண்மை. அந்த நிலை வந்தபின் சி மொழிக்குப் போகலாம்.

எண் மாறியதற்குக் காரணம் வயர்ஷார்க் அல்ல. அது கோப்பைத் திறக்கும்போது பாக்கெட்களை வரிசையாக ஒருமுறை பிரிக்கும். பிறகு நாம் கிளிக் செய்கிற ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு பாக்கெட்டுக்காக டிசெக்டரை மறுபடி கூப்பிடும். இந்தப் பாக்கெட்டை ஏற்கெனவே பார்த்தாயிற்றா என்பதைச் சொல்ல ஒரு கொடியையும் தருகிறது. முதல் சுற்றில் மட்டும் எண்ணிப் பாக்கெட் எண்ணோடு சேமித்து, அடுத்த சுற்றுகளில் சேமித்ததைப் படித்துக் காட்ட வேண்டும். இவர் ஒவ்வொரு அழைப்பிலும் ஒன்று கூட்டியிருக்கிறார். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருப்பதைப் படிக்காமல் கருவியின் மேல் பழி போடுவது பொறுப்பான எழுத்தல்ல.

இனி லாக். லாக் என்பது நிரல் தான் புரிந்துகொண்டதைத் தானே எழுதிவைப்பது. புரிதலே பிழையாக இருந்தால் லாக்கும் அதே பிழையைத்தான் சொல்லும். மோட்பஸில் ஒரு ரெஜிஸ்டர் 16 பிட். 32 பிட் தசம எண்ணை இரண்டு ரெஜிஸ்டரில் வைக்கும்போது எது முன்னால் என்று மோட்பஸ் வரையறுக்கவில்லை, ஆளுக்கு ஒரு விதமாக வைக்கிறார்கள். 50 டிகிரி என்பது ஹெக்ஸில் 4248, 0000. கருவி இதை மாற்றிப்போட்டு 0000, 4248 என்று அனுப்பினால், எதிர்முனை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு நுண்ணிய எண்ணாகப் படிக்கும். லாக்கில் 0.00 என்று விழும். சென்சார் செத்துவிட்டது என்று ஆளை அனுப்புவார்கள். டிசெக்டர் இருந்தால் அந்த எண்ணைக் காட்டும் வரியைத் தொட்டதும் கீழே நான்கு பைட்டும் வண்ணத்தில் தெரியும். 4248 பின்னால் நிற்பதை யாரும் பார்த்துவிடலாம். தாமதத்திலும் இதே கதை. லாக்கின் நேரம் நிரல் தரவைப் படித்த நேரம், கேப்சரின் நேரம் பாக்கெட் கணினிக்கு வந்த நேரம். நெட்வொர்க் மெதுவா சர்வர் மெதுவா என்ற சண்டையை இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் தீர்க்கும்.

டிஎல்எஸ் வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். சோதனைக்கூடத்தில் இரு முனையும் நம்முடையவை என்று அவரே சொல்கிறார். அப்படியானால் செஷன் சாவிகளைக் கோப்பில் எழுதச் சொல்லி அதை வயர்ஷார்க்கிடம் கொடுக்கலாம். அது பூட்டைத் திறந்து உள்ளிருப்பதை நம் டிசெக்டரிடம் தரும்.

ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998இல் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்ட நிரல்தான் 2006இல் வயர்ஷார்க் ஆனது. அதை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு வேண்டிய புரோட்டோகால் அதில் இல்லாததால், இருக்கும் டிசெக்டர் ஒன்றைப் பார்த்து எழுதி அனுப்பியவர்கள். இவருடைய அறிவுரையை அவர்கள் கேட்டிருந்தால் இன்று இவர் திறந்து பார்க்க வயர்ஷார்க்கே இருந்திருக்காது.

கட்டுரை இருக்கட்டும். அந்த ஸ்கிரிப்ட்டை அவர் திரும்பப் பெற வேண்டும், குறைந்தபட்சம் ஒரு பாக்கெட்டுக்கு ஒரு செய்தி என்றிருந்தால் மட்டுமே இது வேலை செய்யும் என்று முதல் வரியில் எழுதிவைக்க வேண்டும். ஆலைகளில் அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன்களுக்கும் பெண்களுக்கும் அந்த நிபந்தனையை இதுவரை யாரும் சொல்லவில்லை.