பெட்டி எமது, திறப்பு அவர்களது

கடையில் முழு விலையும் கொடுத்து ஒரு சைக்கிள் வாங்குகிறோம். வீட்டுக்குக் கொண்டுவந்த பின், இந்தச் சைக்கிள் இன்ன வீதியில் மட்டுமே ஓடும், மற்ற வீதியில் ஏறினால் சில்லு சுற்றாது என்று விற்றவர் சொன்னால் என்ன செய்வோம்? சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் நாலு வார்த்தை கேட்போம். இதே வேலையை ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் செய்தால் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிவிடுகிறோம். 'அது கொம்பனி பொலிசி சேர்' என்ற ஒற்றை வாக்கியத்துக்கு முன்னால் படித்தவரும் பாமரரும் ஒன்றாக வாயடைத்து நிற்கிறோம்.

நான் சொல்லவருவது பொக்கற் வைஃபை என்று நம்மவர்கள் அழைக்கும் கையடக்க இணையப் பெட்டியைப் பற்றி. சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு சிம் அட்டை, ஒரு பற்றறி. கோபுரத்திலிருந்து வரும் சிக்னலைப் பிடித்து வீட்டிலுள்ள ஐந்தாறு கருவிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும். இந்தப் பெட்டிகளிற் பல, விற்ற நிறுவனத்தின் சிம்முக்கு மட்டுமே இணங்கும்படி பூட்டப்பட்டு வருகின்றன. வேறு சிம்மைச் செருகினால், செல்லுபடியாகாத சிம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடும்.

இந்தப் பூட்டில் இரும்பும் இல்லை, விஞ்ஞான அதிசயமும் இல்லை. ஒவ்வொரு சிம் அட்டைக்குள்ளும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை, இலங்கைக்கு 413. அடுத்த இரண்டும் நிறுவனத்தைக் குறிப்பவை. மொபிட்டெலுக்கு 01, டயலொக்குக்கு 02, ஹட்சுக்கு 08. பெட்டியில் எழுதப்பட்ட மென்பொருள் இந்த ஐந்து இலக்கங்களையும் படித்து, தனக்குச் சொல்லப்பட்ட எண்தானா என்று பார்க்கிறது. ஆம் என்றால் வேலை செய்கிறது, இல்லையென்றால் மறுக்கிறது. வானொலிப் பகுதிக்கோ பற்றறிக்கோ இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. வேலை செய்யக்கூடிய ஒரு கருவியை வேலை செய்யாதே என்று கட்டளையிடும் சில வரிகள், அவ்வளவுதான். அதை நீக்குவதும் சில இலக்கங்கள் கொண்ட ஒரு குறியீட்டைத் தட்டச்சுச் செய்யும் வேலைதான். அந்தக் குறியீடு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பெட்டி எம்முடையது, திறப்பு அவர்களுடையது.

கொழும்பில் இருப்பவருக்கு இது பெரிய விடயமாகத் தோன்றாது. அவருடைய வீட்டுக் கூரைக்கு மேலே எல்லா நிறுவனங்களின் சிக்னலும் போட்டிபோட்டுக்கொண்டு நிற்கும். வீதியோரம் கண்ணாடிநார் இணைப்பும் வரும். பூட்டின் பாரம் தெரியவேண்டுமானால் பரந்தனில் இறங்கி, முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் தர்மபுரம் வரைக்கும் வரவேண்டும். பிரதான வீதியில் சிக்னல் உண்டு. வீதியை விட்டு வயலும் காடுமாக உள்ளே போகப்போக அது தேயும். ஒரு வளவில் ஒரு நிறுவனம் எடுக்கும். அடுத்த ஒழுங்கையில் வேறொன்று எடுக்கும். மழைக்காலத்தில் ஒரு கணக்கு, மின்சாரம் நின்றுபோனால் இன்னொரு கணக்கு. இப்படியான இடத்தில் எந்தச் சிம் எடுபடும் என்பதை வீடுதான் தீர்மானிக்க வேண்டும். கொழும்பிலுள்ள விற்பனைப் பிரிவு தீர்மானிக்க முடியாது.

அண்மையில் இப்பகுதியில் நான் கண்ட ஒரு வீட்டைச் சொல்கிறேன். உயர்தரம் படிக்கும் பிள்ளை. வெளிநாட்டிலிருந்து வந்துபோன தாய்மாமன், பிள்ளையின் படிப்புக்கு உதவும் என்று தான் அங்கே பாவித்த பொக்கற் வைஃபை ஒன்றை விட்டுப் போயிருந்தார். இங்கத்தைய சிம்மைப் போட்டதும் பெட்டி மறுத்துவிட்டது. உள்ளூர் நிறுவனமொன்றின் பெட்டியும் அதே வீட்டில் இருந்தது. முழுக் காசும் கொடுத்து வாங்கியது. அந்த நிறுவனத்தின் சிக்னல் அந்த வளவில் இரவில்தான் கொஞ்சம் எடுக்கும். மற்ற நிறுவனத்தின் சிக்னல் முற்றத்து மாமரத்தடியில் நன்றாகவே எடுத்தது. ஆனால் அந்தச் சிம்மை இந்தப் பெட்டி ஏற்காது. இரண்டு பெட்டி, இரண்டு பூட்டு, இணையம் இல்லை. கடையில் விசாரித்தபோது கிடைத்த பதில்: "ஐயா, ரெண்டும் லொக் போட்ட சாமான். உங்கட சிம் இதுக்கை வேலை செய்யாது. வேணுமெண்டா புதுசு ஒண்டு எடுங்கோ." மூன்றாவது பெட்டி வாங்கு என்பதுதான் இந்தச் சந்தையின் தீர்வு.

நிறுவனங்கள் மூன்று நியாயங்களைச் சொல்லும். நான் கேட்டவையும் வாசித்தவையும் இவைதான்.

முதலாவது, கருவியைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறோம், அந்த நட்டத்தைச் சேவைக் கட்டணத்தில் மீட்கவேண்டும் என்பது. சரி, மீட்கட்டும். அதற்குத்தான் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. இத்தனை மாதம் பாவிப்பேன், இடையில் விலகினால் மீதியைக் கட்டுவேன் என்று வாடிக்கையாளர் கையெழுத்திடட்டும். கடன் தீர்ந்த அன்றைக்குப் பூட்டும் தீரவேண்டும் அல்லவா? நகையை அடகு வைத்தவர் முதலும் வட்டியும் கட்டிய பிறகு, நகை இனியும் எங்கள் பெட்டகத்தில்தான் இருக்கும் என்று எந்த அடகுகாரரும் சொல்வதில்லை. ஒப்பந்தமே இல்லாமல் முழு விலைக்கு விற்ற பெட்டிக்குப் பூட்டுப் போடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அங்கே மீட்கவேண்டிய நட்டமே இல்லை.

இரண்டாவது, திருட்டைத் தடுக்கிறோம் என்பது. திருட்டைத் தடுக்க வேறு வழி இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஐ.எம்.ஈ.ஐ. என்ற 15 இலக்க எண் உண்டு. திருட்டுப்போன கருவியின் எண்ணைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தால் அது எந்த வலையமைப்பிலும் வேலை செய்யாது. சிம் பூட்டுப் போட்ட கருவியைத் திருடியவனோ அதே நிறுவனத்தின் சிம்மைப் போட்டுச் சுகமாகப் பாவிக்கலாம். இந்தப் பூட்டினால் அவதிப்படுகிறவர் உரிமையாளர்தான்.

மூன்றாவது, வேறு வலையமைப்பில் கருவி சரியாக இயங்கும் என்று உத்தரவாதம் தரமுடியாது என்பது. உண்மைதான்; பெட்டி பிடிக்கும் அலைவரிசைகளும் நிறுவனம் பாவிக்கும் அலைவரிசைகளும் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் வேகம் குறையும், சிலவேளை இணையமே வராது. அதைப் பெட்டியின் மட்டையில் எழுதிவையுங்கள், வாங்குகிறவர் வாசித்துக்கொள்வார். செருப்பு ஒருவருக்கு அளவில்லாமற் போகலாம் என்பதற்காக எல்லோருடைய காலையும் கட்டிவைப்பதில்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. எம்மவர்கள் செறிந்து வாழும் நாடுகளே சொல்லியிருக்கின்றன. கனடாவின் ஒழுங்குபடுத்தும் ஆணையம் 2017 ஜூனில் தீர்ப்புச் சொன்னது: அவ்வாண்டு டிசெம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய கருவிகள் பூட்டில்லாமல் வரவேண்டும், ஏற்கெனவே வாங்கியவர் கேட்டால் கட்டணமின்றித் திறந்துகொடுக்கவேண்டும் என்று. அதற்கு முன்னர், திறந்துவிடும் கட்டணமாக மட்டும் அந்நாட்டு நிறுவனங்கள் 2016 ஆம் ஆண்டில் 3 கோடியே 77 இலட்சம் கனேடிய டொலர் வசூலித்திருந்தன. பூட்டியவரே திறப்பதற்குக் கூலி வாங்கிய கணக்கு அது. பிரித்தானியாவில் ஒவ்கொம், 2021 டிசெம்பர் முதல் பூட்டிய கைத்தொலைபேசிகளை விற்பதைத் தடைசெய்தது. நிறுவனம் மாற நினைத்துக் கைவிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், பூட்டுத் திறக்கும் தொல்லையும் தம்மைத் தடுத்ததாகக் கூறினர் என்பது அதன் ஆய்வில் வெளிவந்த செய்தி. பூட்டின் நோக்கம் நிறைவேறியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அமெரிக்காவின் கதை இன்னும் பாடமானது. அங்கே 1998 இன் பதிப்புரிமைச் சட்டமொன்று, மென்பொருட் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. பாட்டையும் படத்தையும் திருடாமற் காக்க எழுதப்பட்ட சட்டம், கைத்தொலைபேசியின் சிம் பூட்டுக்கும் காவல் நின்றது. 2006 இல் கைத்தொலைபேசிக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2013 ஜனவரியோடு புதிய கைத்தொலைபேசிகளுக்கு அதைப் பறித்தார்கள். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுக் கொடுத்தனர். 2014 ஓகஸ்ட் 1 அன்று ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் விலக்கை மீட்டது. ஆனால் கவனியுங்கள்: அப்போதும் பேச்சு கைத்தொலைபேசியைப் பற்றியதே. எமது சவர்க்காரக் கட்டிக்கு, அந்தக் கையடக்க இணையப் பெட்டிக்கு, விலக்குக் கிடைத்தது 2015 இல். அதுவும் பாவித்த பெட்டிகளுக்கு. புதியவற்றுக்கு 2018 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. வசதியுள்ளவர் கையிலிருக்கும் தொலைபேசிக்கு முதலில் விடுதலை. கம்பி இணைப்புக்கு வழியற்றவர் வைத்திருக்கும் பெட்டிக்குக் கடைசியில். இந்த வரிசை எங்கும் ஒன்றுதான். தமிழகத்து வாசகர்களும் இதை அறிவார்கள். 2016 இல் இந்தியாவெங்கும் பரவிய ஜியோஃபை பெட்டி ஜியோ சிம்முக்கு மட்டுமே வாய் திறக்கும்.

இலங்கையில் நிலைமை இறுகிக்கொண்டுதான் வருகிறது. ஒரு காலத்தில் ஐந்து கைத்தொலைபேசி நிறுவனங்கள் இருந்தன. 2018 இல் எடிசலாற்றை ஹட்ச் எடுத்தது. 2024 இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. இன்று மூன்று. தெரிவு குறைந்த சந்தையில் பூட்டுக்கு இரட்டைப் பலம். செய்மதி இணையம் வந்துவிட்டதே என்பார்கள். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியது உண்மை. ஆனால் அதன் தட்டும் அந்த ஒரு நிறுவனத்தின் சேவைக்கு மட்டுமே உதவும். தோட்டத்தில் மிளகாய் வைத்துச் சீவிப்பவர் அந்தச் செலவைத் தாங்குவாரா என்பது வேறு கேள்வி.

வன்னி மக்களிடம், இந்தப் பெட்டியைத் திறக்க உமக்கு உரிமையில்லை என்று சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட உறைக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் இந்த மண்ணுக்குள் பற்றறி வர விடவில்லை. எரிபொருளுக்குத் தடை, சீமெந்துக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, சில்லைச் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் இவர்கள். சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடியவர்கள். கழற்றிப் பார்த்து, விளங்கிக்கொண்டு, இருப்பதை வைத்து இயக்குவது இங்கே பொழுதுபோக்காக இருக்கவில்லை. உயிர் பிழைக்கும் வழியாக இருந்தது. 2008 இன் இறுதியில் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த மருத்துவமனை இயங்கியது இதே தர்மபுரத்தில்தான். 2009 ஜனவரியில் ஊரே பெயர்ந்து கிழக்கே போனது. போனவர்களில் திரும்பி வந்தவர்கள் வெறுங்கையோடு வந்து, ஒவ்வொரு பொருளாகச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு பொருள் வேலை செய்ய மறுப்பது சிறிய விடயமல்ல.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது, இந்த நாட்டின் பிள்ளைகள் சிக்னலைத் தேடி மரத்திலும் பாறையிலும் ஏறினார்கள். படங்கள் உலகெங்கும் வெளியாகின. எல்லோரும் பரிதாபப்பட்டோம். அன்று எத்தனை வீடுகளில் வேறு சிம்மை ஏற்க மறுத்த பெட்டிகள் அலுமாரிக்குள் கிடந்திருக்கும் என்று எவரும் கேட்கவில்லை.

சட்டம் கொடுக்காததை மக்கள் வேறு வழியில் எடுத்துக்கொள்வார்கள். நகரத்துக் கடைகளில் இருநூறு, முந்நூறு முதல் ஆயிரங்கள் வரைக்கும் வாங்கிக்கொண்டு பெட்டியைத் திறந்துகொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பெட்டிகள் பலவற்றின் குறியீட்டை ஐ.எம்.ஈ.ஐ. எண்ணிலிருந்தே கணித்துவிடலாம். புதியவற்றுக்கு அது சரிவராது. மென்பொருளையே மாற்றி எழுதுவார்கள். பொருந்தாத மென்பொருளை ஏற்றினால் பெட்டி செங்கல்லாகிவிடும். பிழையான குறியீட்டைத் திரும்பத் திரும்ப அடித்தால், குறித்த தடவைக்குப் பின் பெட்டி அந்த வழியையும் மூடிவிடும். இன்னும் சிலர் ஐ.எம்.ஈ.ஐ. எண்ணையே மாற்றித் தருவோம் என்பார்கள். அதற்கு ஒருபோதும் இணங்கவேண்டாம். அது பூட்டுத் திறப்பதல்ல, திருட்டுக் கருவிக்குப் புதுப்பெயர் வைக்கும் வேலை. நேர்மையான வாடிக்கையாளரை இந்த இருட்டுக் கடைகளின் வாசலுக்குத் தள்ளியவர் யார்? நாலு இலக்கம் சொல்ல மறுத்த நிறுவனம்தான்.

1991 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு 1996 இல் திருத்தம் கொண்டுவந்து உருவாக்கப்பட்டது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. நுகர்வோரின் நலன் காப்பதும் அதன் கடமை. 2003 முதல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் இருக்கிறது. இவர்களிடம் நான் கேட்பது நான்கே நான்கு. ஒன்று, முழு விலைக்கு விற்கும் எந்தப் பெட்டிக்கும் பூட்டு ஆகாது. இரண்டு, தவணைக்கு விற்றால் கடைசித் தவணை கட்டிய அன்றே குறியீடு குறுஞ்செய்தியாக வரவேண்டும். கேட்கவும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். மூன்று, பூட்டு இருந்தால் மட்டையின் முகப்பில், தமிழிலும் சிங்களத்திலும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடவேண்டும். நான்கு, விதி கைத்தொலைபேசி என்று மட்டும் எழுதப்படக்கூடாது. சிம் ஏறும் எல்லாக் கருவியும் அதற்குள் வரவேண்டும். இப்படியொரு விதி ஏற்கெனவே எங்கேனும் கோப்பில் இருக்குமானால் அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டட்டும். இல்லையென்றால் எழுதட்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்கு வரும்போது பழைய கருவி கொண்டுவருவது நல்ல மனம். புறப்படுமுன் உங்கள் நிறுவனத்திடம் கேட்டு அதைத் திறந்துகொண்டு வாருங்கள். கனடாவில் அது உங்கள் உரிமை, காசும் இல்லை. விமானம் ஏறிய பின் அந்தக் குறியீட்டைப் பெறுவது மிகக் கடினம். இங்கே பிடிக்கும் அலைவரிசையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீதித்தடையும் சோதனைச்சாவடியும் பாஸ் முறையும் இந்த மக்களுக்குப் புதியவை அல்ல. எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று வேறொருவர் தீர்மானித்த காலத்தை அவர்கள் கடந்து வந்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய ஐந்து அங்குலப் பெட்டிக்குள்ளும் ஒரு சாவடியை வைத்து, சிம்மைக் காட்டு என்று கேட்பது போதும். திறப்பைத் தாருங்கள்.