வெள்ளைக் கழிச்சலும் வீட்டுக் கோழியும்

ஆரியங்கோட்டிலும் பாறசாலையை அடுத்த எல்லையூர்களிலும் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில், கொல்லைப்புறத்துக் கோழி என்பது இல்லத்தரசியின் சிறுவாட்டுப் பணம். கோடையில் ஒரு கோழி தலை தொங்கி, வாய் பிளந்து மூச்சு வாங்கி, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகி வீழுமாயின், சில நாளில் கூடே வெறுமையாகிவிடுகிறது. இதனை நாம் வெள்ளைக் கழிச்சல் என்கிறோம்; மலையாள அயலார் 'கோழி வசந்த' என்பர். மிருகாசுபத்திரியில் அப்பெயரைச் சொல்வதே எளிது.

1926-இல் சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரிலும் தோன்றிய இந்நோய், பின்னர் இமயச் சாரலில் இராணிக்கேட் என்னும் ஊரில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்றது. (பாவம், அவ்வூர் என்ன பிழை செய்தது!) வைரஸ் கிருமியால் வருவது, வந்தபின் தீர்க்கும் மருந்தில்லை. முக்தேசுவரத்து ஆராய்ச்சி நிலையத்தார் 1940-களில், அக்கிருமியையே கருவுற்ற முட்டைகளில் பன்முறை வளர்த்து, அதன் கொடுமை குன்றச் செய்து தடுப்பு மருந்து ஆக்கினர். இன்று நம் மாவட்டத்துப் பாலோட்டிலேயே கால்நடைத் தடுப்பு மருந்து ஆக்கும் அரசு நிலையம் உண்டு.

அங்ஙனமாயின் நம் கோழிகள் ஏன் மடிகின்றன? மருந்து, பண்ணைகளின் அளவுக்கே அடைக்கப்படுகிறது. நூறு கோழிக்கான குப்பியை ஐந்து கோழி வைத்திருப்பவர் என் செய்வார்? அதனை 2 முதல் 8 பாகை வரையுள்ள குளிரிலேயே காக்க வேண்டும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்தில் இட்டு முடித்துவிடவும் வேண்டும்.

இத்தடையை உணர்ந்தே, ஆஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஸ்பிராட்புரோ, வெப்பம் தாங்கும் கிருமி வகையை நாடினார். நாட்டுப்புறக் கோழிகளுக்குத் தீனியோடு கலந்தளிக்கும் முறையையும் ஆராய்ந்தார். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தாரும் அவ்வழியில் டி58 என்னும் வகையைக் கொண்டு குருணை மருந்து செய்துள்ளனர். ஊசியும் வேண்டாம், கோழியைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். இரைபோல் அதுவே கொத்தித் தின்னும். ஏழைக்காக எண்ணிச் செய்த ஆராய்ச்சி இதுவே என்போம்.

அக்குருணை கைக்கெட்டாத அன்பர்கள், அயல்வீட்டார் பதின்மர் கூடி, ஒரே நாளில் ஒரு குப்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. ஆறு முதல் எட்டு வார வயதில் இறக்கையடியில் ஊசி. நோயுற்ற கோழிக்கு இடுவதில் பயனில்லை. சந்தையில் வாங்கிய கோழியை இரு வாரமேனும் தனியே அடைத்து வையுங்கள். செத்ததை ஓடையில் எறியாமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதையுங்கள்.