படம் பிடித்தவன் பாக்கி

கதை எழுதுகிறவனுக்குக் காமிரா எதற்கு என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். நாற்பது வயதுக்குமேல் வருகிற ஆசைக்கு நியாயம் தெரிவதில்லை. டிஜிட்டல் காமிரா ஒன்று வாங்கினேன். வாங்கியபின், அதில் உள்ள பொத்தான்களில் பாதிக்குமேல் எதற்கு என்று விளங்காமல், கோவில்பட்டியில் நடந்த ஒரு வகுப்பில் சேர்ந்தேன்.

குளத்தூரிலிருந்து விளாத்திகுளம் வந்து, பஸ் மாறி, எட்டயபுரம் வழியாக ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போய் வந்தேன். மாடியில் ஒரு கூடம். பன்னிரண்டு மாணாக்கர்கள். ஒரு பாங்கு குமாஸ்தா, இரண்டு பள்ளிக்கூட வாத்தியார்கள், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவரின் பிள்ளை, கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்க வந்த வாலிபர்கள், அப்புறம் நான். சொல்லிக் கொடுத்தவர் என்னைவிட இளையவர், கெட்டிக்காரர். அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. என் சண்டை அவரோடு இல்லை. அவர் எங்கேயோ கற்று வந்து எங்களுக்கும் கற்றுக் கொடுத்த ஒரு வழக்கத்தோடுதான் என் சண்டை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் கரிசல் காட்டைப் படம் எடுத்தால் மண் சாம்பலாக வந்தது. வேப்பலோடைப் பக்கம் உப்பளத்தை எடுத்தால் உப்பு அழுக்காக வந்தது. காமிரா கெட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். வகுப்பில்தான் சங்கதி விளங்கியது. காமிராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற கருவிக்குக் கறுப்பும் தெரியாது, வெளுப்பும் தெரியாது. எதிரே இருப்பது எதுவானாலும், தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரப் பொருள் என்றே அது எண்ணிக்கொள்கிறது. ஆகவே கறுப்பை வெளுக்க வைக்கிறது. வெளுப்பை மங்க வைக்கிறது. கரிசல் கரிசலாகத் தெரிய வேண்டுமானால் மனிதன் குறுக்கிட்டு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். இந்த ஒரு பாடத்துக்கே நான் கட்டிய பணம் தகும்.

பிலிம் காலம்தான் பொற்காலம் என்று பெருமூச்சு விடுகிறவர்களோடும் நான் சேரமாட்டேன். 1975-ல் கோடக் கம்பெனியின் எஞ்சினியர் ஸ்டீவன் சாஸன் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்தார். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை நாடாவில் பதிக்க அதற்கு 23 விநாடி ஆயிற்று. தன் வீட்டில் பிறந்த பிள்ளையைக் கோடக் கவனிக்கவில்லை. 2012-ல் திவால் பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டுப் படி ஏறியது. போகட்டும். அந்தப் பிலிம்தான் என்ன யோக்கியம்? நிறம் சரிபார்க்கக் கோடக் அனுப்பி வந்த அட்டையில் நெடுங்காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. நம்முடைய தோல் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

ஆக, பழைய கருவியும் புதிய கருவியும் தாமாக நியாயம் செய்யமாட்டா. கையில் வைத்திருப்பவன்தான் செய்ய வேண்டும். அவனுக்கு வகுப்பில் என்ன கற்றுக் கொடுக்கிறோம் என்பதே என் கேள்வி.

நாலாவது வாரம் ‘களப்பயிற்சி’ என்று எங்கள் பக்கம் வந்தார்கள். மாசி மாதம். கறுப்பு மண்ணில் சிவப்புச் சிவப்பாக மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. களத்தில் ஒரு பாட்டி குனிந்து சோடை வத்தல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்! பன்னிரண்டு காமிராக்களும் அவளைச் சூழ்ந்துகொண்டன. ஒருவர் படுத்துக்கொண்டு எடுத்தார். ஒருவர் முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொள்ளச் சொன்னார். “சிரிக்காதே பாட்டி, சோகமா இரு” என்றார் இன்னொருவர். அவளோ வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரத்தில் அந்த முகத்தை இருநூறு தடவையாவது எடுத்திருப்போம். பெயரைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. நானும் கேட்கவில்லை.

புறப்படும்போது என் கையைப் பிடித்து, “யய்யா, நீ நம்ம ஊருப் பிள்ளைதான? எனக்கு ஒரு படம் தருவியா?” என்று கேட்டாள்.

“தாரேன் பாட்டி” என்றேன்.

ஐந்தாவது வாரம் கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்தும் பாடம். வாசகர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். காலையில் கல்யாணப் படம். மணப்பெண்ணின் மாநிறத்தைச் சிவப்பாக்குவது எப்படி, மாமியாரின் முகச் சுருக்கத்தைத் துடைப்பது எப்படி என்று பாடம் நடந்தது. மத்தியானம், போட்டிக்கு அனுப்பும் படம். பாட்டியின் முகத்தைத் திரையில் போட்டு, நிறத்தை எடுத்துவிட்டு, சுருக்கங்களை ஆழமாக்கி, தோலை இன்னும் கறுப்பாக்கி, கண்ணில் இல்லாத ஓர் ஈரத்தைப் பளபளக்க வைத்தார்கள். காலையில் எந்தச் சுருக்கத்தை ரப்பரால் அழித்தோமோ, மத்தியானம் அதே சுருக்கத்தை உளியால் செதுக்கினோம். காரணம் என்ன? மாமியார் பணம் கொடுக்கிறார், பாட்டி கொடுக்கவில்லை. காசு உள்ளவர்கள் தாங்கள் விரும்புகிற மாதிரித் தெரியலாம். காசு இல்லாதவர்கள் நாம் விரும்புகிற மாதிரித் தெரிய வேண்டும்! இதற்குக் கலை என்று பெயர்.

இது புதிய காரியம் அல்ல. சென்னை மியூசியத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன் 1909-ல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். நம் ஜனங்களை நிறுத்தி வைத்து மூக்கையும் மண்டையையும் அளந்தவர் அவர். அந்தப் படங்களுக்குக் கீழே சாதியின் பெயரைத்தான் பார்க்கலாம். எதிரே நின்ற மனிதனின் பெயரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அவன் மனிதன் அல்ல, மாதிரி. வெள்ளைக்காரன் போய்விட்டான். நாம் போட்டிக்கு அனுப்பும் படங்களுக்கு ‘முதுமை’, ‘உழைப்பு’, ‘வறுமையின் முகம்’ என்று தலைப்பு வைக்கிறோம். சாதிப் பெயருக்குப் பதில் ஒரு பண்புப் பெயர், வித்தியாசம் அவ்வளவுதான்.

கேட்டு எடுத்தால் இயல்பு போய்விடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரி, எடுத்தபிறகு கேளுங்கள். யார் தடுத்தார்கள்? பொது இடத்தில் படம் எடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லையே என்கிறார்கள். பந்தியில் பக்கத்து இலையை எட்டிப் பார்ப்பதையும் சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் நாம் பார்ப்பதில்லை. வறுமையை உலகத்துக்குக் காட்ட வேண்டாமா என்பது மூன்றாவது வாதம். தாராளமாகக் காட்டுங்கள். அந்தக் களத்தில் அன்றைக் கூலி என்ன, வத்தல் என்ன விலைக்குப் போயிற்று என்று யாராவது விசாரித்தோமா? விசாரித்திருந்தால் அது வறுமையைக் காட்டுவது. முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால், அது சோடை வத்தலை விட்டுவிட்டு நல்ல வத்தலைப் பொறுக்கிப் போவது.

பழைய ஸ்டூடியோக்காரர் இந்த விஷயத்தில் நம்மைவிட உயர்ந்தவர். நாற்காலியில் உட்கார வைப்பார், தலை வாரச் சொல்வார், பவுடர் பூசச் சொல்வார். கலை இல்லைதான். ஆனால் படம் யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. முகத்துக்கு உரியவர் கையில்தான் அது போய்ச் சேர்ந்தது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். ஆடி மாதம் ஒரு சாயங்காலம் ஒரு பையன் வந்து வாசலில் நின்றான். “அண்ணாச்சி, எங்க பாட்டி தவறிட்டாங்க. ஒங்ககிட்ட அவங்க படம் ஒண்ணு இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சுவத்துல மாட்டணும்” என்றான்.

ஐந்து மாதமாக நான் அந்தப் படத்தைக் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். கொடுக்கலாம், கொடுக்கலாம் என்று இருந்தேன். கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினேன். பையன் வெகுநேரம் பார்த்தான்.

“இது எங்க பாட்டி மாதிரி இல்லையே, அண்ணாச்சி. சிரிச்ச மாதிரி ஒண்ணு இல்லியா?” என்றான்.

இருந்தது. திருத்திய படம் ஒன்றை வைத்துக்கொண்டு, இடத்தை அடைக்கிறதென்று மற்றவற்றையெல்லாம் நான்தான் அழித்திருந்தேன். சோகமில்லாத படம் போட்டிக்கு உதவாது என்று வகுப்பில் சொன்னார்கள்; நானும் நம்பினேன்.

ஆதார் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கித்தான் அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். மங்கலான படம். நான் கும்பிடப் போனபோது அதற்கு நேராக என்னால் நிற்க முடியவில்லை. அவள் பெயரை அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வகுப்பு நடத்துகிற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அபெர்ச்சரும் ஷட்டரும் இரண்டாவது வாரம் சொல்லிக் கொடுங்கள். முதல் வாரம், எதிரே நிற்பவரின் பெயரைக் கேட்கச் சொல்லுங்கள். எடுத்த படத்தை அவரிடமே காட்டச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடச் சொல்லுங்கள். வேண்டும் என்றால் ஒரு பிரதி போட்டு அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதன்பிறகு இரண்டாவது வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். லென்ஸுக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொட்டுகிறோம். ஒரு சின்னப் பிரதிக்கு ஆகிற செலவு இரண்டு பேர் டீ குடிக்கிற காசுதான்.