ஃப்ரீரென்: ஒரு சதவிகிதத்தின் கதை

காமர்ஸ் படிக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைப் பார்த்தாலும் மனசு கணக்குப் போடும். 'ஃப்ரீரென்' அனிமே பார்த்தபோதும் அதுதான் நடந்தது. கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பார்க்காதவர்கள் மன்னிக்கவும்!

மற்ற கதைகள் முடிகிற இடத்தில் இது தொடங்குகிறது. வீரன் ஹிம்மெல், பாதிரியார் ஹைட்டர், குள்ளர் இனத்துப் போர்வீரன் ஐசென், எல்ஃப் இனத்து மந்திரக்காரி ஃப்ரீரென். நாலு பேரும் பத்து வருஷம் அலைந்து அரக்க ராஜாவை ஒழித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அன்றைக்கு ராத்திரி எரிகல் மழை. 50 வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். அடுத்த தடவை இன்னும் நன்றாகத் தெரிகிற இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஃப்ரீரென் கிளம்பிவிடுகிறாள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவளுக்கு 50 வருஷம் ஒரு விஷயமா? சொன்னபடி வருகிறாள். எதிரே நிற்பது வழுக்கை விழுந்த கிழவர் ஹிம்மெல். எரிகல் மழை பார்த்த கொஞ்ச நாளில் அவர் இறந்துபோகிறார். அடக்கத்தின்போதுதான், இந்த மனுஷனைத் தெரிந்துகொள்ள முயற்சியே செய்யவில்லையே என்று அவள் உடைந்து அழுகிறாள்.

இப்போது கணக்கு. ஆயிரத்தில் பத்து, அதாவது ஒரே ஒரு சதவிகிதம். ஆடிட்டர் பார்த்தால் 'மெட்டீரியல் இல்லை' என்று தள்ளிவிடுகிற தொகை. ஆனால் அதற்குப் பிறகு இந்தக் கதையின் காலண்டரே அதுதான். திரையில் வருகிற வருஷமெல்லாம் 'ஹிம்மெல் இறந்து இத்தனை வருஷம்' என்றுதான் வருகிறது!

2023-24இல் வந்த முதல் சீசனில் 28 எபிசோட். ரொம்ப ஸ்லோ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹிம்மெலின் சொந்த ஊர்ப் பூ ஒன்றை அவனுடைய சிலைக்கு வைக்க வேண்டும் என்று ஃப்ரீரென் மாதக்கணக்கில் தேடுகிறாள். சிஷ்யை ஃபெர்ன் பொறுமை இழக்கிறாள், நமக்கும்தான். ஆனால் ஒருவரைத் தெரிந்துகொள்ள அவ்வளவு நேரம் ஆகும் என்பதுதானே விஷயம்? ஹிம்மெல் ஊர் ஊராகச் சிலை வைக்கச் சொன்னது வெறும் பந்தா என்று நினைத்திருந்தேன். தாங்கள் போனபிறகு அவள் தனியாகிவிடக் கூடாது என்பதும் அவன் சொன்ன காரணம். அந்த இடத்தில் டிவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

குறையும் உண்டு. பிற்பாதியில் வருகிற மந்திரவாதிகள் தேர்வு வழக்கமான போட்டிக் கதையாகிவிடுகிறது. அங்கே ஹிம்மெலை ரொம்பத் தேட வேண்டியிருக்கிறது.

பலர் இதை 'இருக்கும்போதே அன்பு காட்டு' என்கிற புத்திமதியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போனபிறகும் ஒருவரைத் தெரிந்துகொள்ளலாம் என்பதைத்தான் இது சொல்கிறது. தாமதம்தான், ஆனால் வீண் இல்லை.

என் தாத்தா மளிகைக்கடை வைத்திருந்தவர். போன வருஷம் காலமானார். 20 வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டியதுதான் ஞாபகம். சமீபத்தில் அவருடைய கடன் நோட்டு கிடைத்தது. பல பேருடைய பாக்கியை வசூலிக்காமலேயே அடித்து வைத்திருக்கிறார். ஏன் அடித்தார்? பாடத்தில் இதற்குப் பெயர் வாராக்கடன். தாத்தா என்ன பெயர் வைத்திருந்தாரோ..

பாட்டிக்குத் தெரிந்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காரப் போகிறேன். செல்போன் வேறு அறையில் இருக்கும்.