மறைத்து வைத்த வலிப்பு

பத்திரிகைத் துறையில் மரண அறிவித்தல்களைச் சரிபார்க்கும் வேலை எவருக்கும் பிடித்தமானதல்ல. நான் அதைப் பல ஆண்டுகள் செய்தேன். இளம் தாய்மார் இறந்தால் அறிவித்தலில் பெரும்பாலும் ‘திடீர் மரணம்’ என்றே எழுதித் தருவார்கள். அவற்றுள் எத்தனை மரணங்கள் உண்மையிலேயே திடீரென நிகழ்ந்தவை என்ற ஐயம் எனக்குப் பிற்காலத்தில்தான் எழுந்தது. அந்த ஐயத்தை எழுப்பியவள் என் தங்கையின் மகள்.

1980இல் அவள் பிறந்தபோது என் தங்கைக்குக் கைகால் இழுத்து நினைவு தப்பியது. வீட்டுப் பெரியவர்கள் அதைக் குளிர் பிடித்தது என்றார்கள். வேறு சிலர் வேறு காரணம் சொல்லி நூல் கட்டினார்கள். அது சூல்வலிப்பு என்று வைத்தியர் கூறியதை அருகில் நின்று கேட்டவன் நான். பிறகு அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை. பெண் பிள்ளையின் கல்யாணப் பேச்சுக்கு அது இடைஞ்சலாகும் என்பது எல்லோர் மனத்திலும் இருந்தது. என் மனத்திலும் இருந்தது.

2019இல், 39 வயதில், அந்தப் பிள்ளை முதன்முறையாகக் கருவுற்றாள். வன்னியில் உட்கிராமம் ஒன்றில் வாழ்க்கை. கர்ப்பவதிகள் கிளினிக்கில் அவளுடைய அட்டையில் சிவப்பு மையால் குறியிட்டார்கள். வயது, முதற்பிரசவம், சற்றுக் கூடிய குருதியமுக்கம் ஆகியவை காரணங்கள். தாய்க்கு வலிப்பு வந்ததா என்றும் கேட்டார்கள். “இல்லை” என்றாள். அவளுக்குத் தெரியாது.

முன்சூல்வலிப்பு என்பது நச்சுக்கொடி கருப்பையில் வேரூன்றும் தொடக்க வாரங்களிலேயே விதை போடும் நோய். அங்கே இரத்தக் குழாய்கள் போதிய அளவு விரிவடையாதுபோனால், 20 வாரங்களின் பின்னர் தாயின் குருதியமுக்கம் 140/90ஐத் தாண்டும், சிறுநீரில் புரதம் தென்படும், ஈரலும் சிறுநீரகமும் மூளையும் தாக்கப்படலாம். தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் இருந்திருந்தால் ஆபத்துக் கூடும். ஆபத்துள்ள பெண்ணுக்கு 16 வாரங்களுக்கு முன்னரே குறைந்த அளவு அஸ்பிரின் கொடுக்கத் தொடங்கினால், குறைமாதத்திலேயே வரும் கடுமையான வகை பாதிக்கும் மேலாகக் குறைகிறது என்பதை 2017இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. மலிவான குளிசை அது. ஆனால் வைத்தியர் எழுதித் தந்தே எடுக்க வேண்டும்.

அவளுக்கும் எழுதித் தந்திருந்தார்கள். ‘இரத்தத்தை ஐதாக்கும் குளிசை பிள்ளைத்தாய்ச்சிக்குக் கூடாது’ என்று அயலில் யாரோ சொல்ல, மாமியார் நிறுத்திவிட்டார். அந்த அம்மாவை நான் குறைகூற மாட்டேன். எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதை அவருக்கு ஒருவரும் விளக்கவில்லை. சிவப்புக் குறியின் பொருளைப் பிள்ளைக்கும் சொல்லவில்லை. பயப்படுத்தக் கூடாதாம்.

31ஆவது வாரத்தில் தலையிடி. கண்ணில் மின்னற்பொறிகள். வலது விலாவின் கீழே நோவு. பித்தம் என்று தைலம் பூசினார்கள். வீட்டுக்கு வந்த குடும்பநல மாது அளந்து பார்த்தபோது 170/110. அவர் அந்த வீட்டில் ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. 1990 அம்புலன்ஸை அழைத்தார். அந்த இலவச சேவை வடக்கிற்கு 2018இல்தான் வந்திருந்தது.

வைத்தியசாலையில் வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேற்று ஏற்றினார்கள். அது வலிப்பின் ஆபத்தைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்பது 2002இலேயே உறுதியான விடயம். சிசுவின் நுரையீரல் முதிர்வதற்கு ஸ்ரீரோயிட் ஊசி போட்டார்கள். அது முழுமையாக வேலை செய்ய ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். இரண்டாம் நாள் சத்திரசிகிச்சை. 1.4 கிலோ எடையில் ஓர் ஆண் குழந்தை.

1930களின் நடுப்பகுதியில் இலங்கையில் 100,000 உயிருள்ள பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தனர். 2010களில் அத்தொகை 40க்கும் கீழே நின்றது. வறிய நாடொன்றின் பெருஞ்சாதனை இது. படலையைத் திறந்துகொண்டு வரும் குடும்பநல மாதரின் சாதனை. ஆயினும் அந்த மாது கேட்கும் கேள்விக்கு நாம் பொய் சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்?

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மானிப்பாயில் கிறீன் வைத்தியர் பிரசவ வைத்தியத்தைத் தமிழில் நூலாக்கினார். நம்மிடம் சொற்கள் இல்லாமலில்லை. ‘சுகப்பிரசவம் ஆகட்டும்’ என்று வாழ்த்துவதோடு நின்றுவிடுகிறோம். ஆபத்து என்ற சொல்லை உச்சரித்தால் அது வந்துவிடும் என்றொரு நம்பிக்கை படித்தவர் வீடுகளிலும் உண்டு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பிள்ளைப்பேறு பார்க்க இங்கிருந்து விமானமேறும் அம்மாமார் அதனையும் சரக்குப் பொடியோடு கொண்டு செல்கிறார்கள்.

உயர் ஆபத்துள்ள கர்ப்பம் என்று குறியிடப்பட்டால், அது மரண ஓலையன்று. அப்பெண்களில் பலர் நலமாகவே பிள்ளை பெறுகிறார்கள். கூடுதல் கவனிப்பு வேண்டும் என்பதே அதன் பொருள். என் ஆபத்து எது, எந்த அறிகுறி கண்டால் நேரம் பாராமல் வர வேண்டும், இந்தக் குளிசை எதற்கு என்று கேட்கும் உரிமை முதலில் அந்தப் பெண்ணுக்கே உரியது. மாமியாருக்கோ கணவனுக்கோ அன்று. குறைமாதச் சிசுவைப் பராமரிக்கும் பிரிவு எந்த வைத்தியசாலையில் உள்ளது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். யானை நடமாடும் தெருவில் இரவு 2 மணிக்கு எந்த வாகனம் வரும், கணவன் தொழிலுக்குப் போயிருந்தால் யார் கூடச் செல்வது, வீட்டிலுள்ள மற்றவர்களை யார் பார்ப்பது என்பவற்றை ஏழாம் மாதத்துக்கு முன்னரே பேசி முடித்துவிட வேண்டும். நாம் சீமந்தத்துக்குப் பலகாரக் கணக்கு எழுதுகிறோம். அந்தக் கொப்பியிலேயே இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

பிள்ளை பிறந்ததும் ஆபத்து முடிந்துவிட்டதாக எண்ணுவதும் பிழை. பிரசவத்தின் பின்னரும் வலிப்பு வரலாம். முன்சூல்வலிப்புக் கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் உயர் குருதியமுக்கமும் இருதய நோயும் வரும் வாய்ப்புக் கூடுதலாதலால் ஆண்டுதோறும் அளந்து பார்ப்பது அவசியம். என் தங்கை ஒருமுறையேனும் அளக்கவில்லை. ஐம்பதுகளின் இறுதியில் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்தது.

வைத்தியசாலை விறாந்தையில் நான் அந்தப் பிள்ளையிடம் 1980ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். சற்று நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, இது தெரிஞ்சிருந்தா நான் அந்தக் குளிசையை நிப்பாட்ட விட்டிருக்க மாட்டன்” என்றாள்.

என்னிடம் பதில் இருக்கவில்லை.